எதிர்மாடி ஊசி முசியே

எங்கள் சாரம் பேட்டையில் ஊசி முசியேயைப் போல ஓர் அடாவடி மனிதர் இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறந்தால் நாங்கள் வீட்டைக் காலி செய்துவிடுவோம்.

எங்கள் எதிர்மாடிக்காரர். பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பியவர்களை இங்கே முசியே என்போம். மற்றவர்கள் அங்கிருந்து சென்ட் பாட்டில் கொண்டுவந்தார்கள். இவர் பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள் கொண்டுவந்தார். எண்பதுகளில் கண்ணுக்கு மை தீட்டி, தலைமுடியைக் கோபுரமாக வாரிக்கொண்ட இங்கிலாந்துப் பையன்கள் பாடிய பாப் பாட்டுகள். அதுவும் லண்டனில் முதல்முறை அச்சடித்த தட்டாகவே இருக்க வேண்டுமாம். அதே பாட்டு போனில் சும்மா கிடைக்கிறதே என்று என் கணவர் ஒருமுறை சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து முசியே அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

தட்டு சுழலும்போது அந்த வீட்டில் ஃபேன் ஓடாது; தூசி வருமாம். செல்போன்கள் எல்லாம் அரிசி டப்பாவுக்குள். தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. மரத்தூலம் போட்ட பழைய மாடி அதிர்ந்தால் தட்டின் மேல் ஊசி குதிக்கும்; அவருக்குப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். அவர் மனைவி குழம்பு தாளிப்பதே பக்கம் மாற்றும் இடைவெளியில்தான்.

கல்லூரித் தேர்வு முடிவு வந்த அன்று என் மகள் வீடு திரும்பவில்லை. போனையும் எடுக்கவில்லை. பேருந்து நிலையம், கோரிமேட்டு ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். ஆஸ்பத்திரியில் பிணவறை எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டுவிட்டேன். திரும்பி வந்தால், எதிர்மாடிப் படிக்கட்டின் கீழே அவள் செருப்பு.

தடதடவென்று ஏறினேன். மகள் முசியேயின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முசியே உதட்டில் விரல் வைத்து, "மெதுவா மதாம்" என்றார்.

மெதுவாகவா? நான் மிதித்த மிதியில் ஊசி எகிறி, தட்டில் நீளமாக ஒரு கீறல். பல வருடம் தேடி வாங்கிய தட்டாம்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. "பெயிலாயிடுச்சாம். கடற்கரைல பாறை மேல தனியா நின்னு அழுதுச்சு. வூட்டுக்கு வான்னா வரல. பாட்டு கேக்க வரியான்னேன், வந்துச்சு. பக்கம் முடியாம எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லி, மாத்தி மாத்திப் போட்டுகிட்டே இருந்தேன்."

"எங்களுக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நான் எழுந்தா அதுவும் எழுந்திரிக்குமே மதாம்."

இந்த நியாயத்தை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பெற்றவள் தெருத்தெருவாக ஓட, இவர் உட்கார்ந்து தட்டைத் திருப்பிப் போடுவாராம்!

மகள் மறுபடி எழுதித் தேறிவிட்டாள். வேறு தட்டு வாங்கவில்லையா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன்.

"எதுக்கு மதாம்? இது மாதிரி லண்டன்லயே கெடைக்காது. அந்தக் கீறல் எடம் வந்தா நீங்க படியேறி வர்றது கேக்குது."

கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு மீன் குழம்பு எடுத்து வைக்கும்போது மட்டும், முள் இல்லாத துண்டாகப் பார்த்து எடுக்கிறேன்.