இதர வறுவலின் பூர்வீகம்

மனித நாகரிகம் நைல் நதிக்கரையில் தோன்றியது என்று எழுதியவர்களில் ஒருவர்கூடத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பசியோடு இறங்கியவர் அல்லர். இறங்கியிருந்தால் திருத்தி எழுதியிருப்பார்கள். நாகரிகம் மலைக்கோட்டைக்குக் கீழே, சீரகச் சம்பா வெந்துகொண்டிருந்த ஓர் அண்டாவில்தான் தோன்றியது. ஆதாரம் எங்கே என்று கேட்கும் அற்பர்களுக்காகவே 'திண்டுக்கல் மண்சுவைப் பெருமை மீட்புக் குழு' அமைக்கப்பட்டது. செயலாளர் அடியேன் சூசைராஜ். வயது எழுபத்து நான்கு, பற்கள் பதினொன்று. அத்தனையும் குழுவுக்கே அர்ப்பணம்.

தலைவர் வடமதுரை பெரியகருப்பன். நாட்டுமாடு என்றால் உயிரை விடுவார். மைக்கைப் பிடித்தால் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "என்கிட்ட மாடே கெடையாதுங்க. பூராவும் புள்ளைக." குழு நடத்திய மண்சுவை விழாவின் மேடைக்குப் பின்னால் இருபதடி பிளெக்ஸில் அவர் தம் வண்டிக்காளை ராசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்கலங்கி நின்றார். காளை கலங்கவில்லை. அது கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தது.

மண்சுவைப் போட்டியில் முதல் பரிசு, புதிய உணவு வீதியில் ஒரு கடை, மேற்கூரையுடன். அந்த 'மேற்கூரையுடன்' என்ற ஒரு சொல்லுக்காகவே சகாயராணி விண்ணப்பித்தார். அவருடைய தள்ளுவண்டியை இந்த வருடம் மட்டும் நான்கு இடங்களிலிருந்து நகர்த்தியிருக்கிறார்கள். மழை பிடித்தால் வாணலியில் இருக்கும் வறுவல் குழம்பாகிவிடும்.

விதிகள் கடுமையானவை. சமைக்கப்படும் உயிர் கோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். வளர்த்தவரின் கையெழுத்தும் வேண்டும். இதைத் தலைவரே முன்மொழிந்தார், அவரே வழிமொழிந்தார், முதல் கைதட்டலும் அவருடையதே.

சகாயராணியின் விண்ணப்பத்தில் 'பெரிய கறி வறுவல்' என்று இருந்தது. மாட்டுக்கறிக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் மரியாதைப் பெயர் அது.

"மைக்குல இதெல்லாம் வாசிக்க ஏலாது" என்றார் தலைவர்.

கல்லூரியில் பண்பாடு கற்பிக்கும் உறுப்பினர் அறிவுச்செல்வி ஆழ்ந்து யோசித்தார். "கனரக வறுவல்னு போட்டுரலாமா?"

"ஏம்மா, நான் என்ன கறி விக்கிறேனா, லாரி விக்கிறேனா?" என்றார் சகாயராணி.

முக்கால் மணி நேரம் விவாதித்து 'இதர வறுவல்' என்று தீர்மானம் நிறைவேற்றினோம்.

"பேரு என்னமும் வச்சுக்கங்க. கூரைய மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

பரிசீலனை தொடங்கியது. முதலில் பிரியாணிக் கடை கிளெமென்ட்.

"ஆடு எந்த ஊருப்பா?" என்றேன்.

"லாரியில வந்துச்சு மாமா. ராஜஸ்தான் பக்கம்."

"பெறகு எப்படிய்யா அது நம்மூரு ஆடாகும்?"

"பொறந்தது அங்கிட்டு இருக்கலாம் மாமா. உசுரு போனது இங்கனதான? எங்க சாகுறமோ அதான நம்ம ஊரு!"

தத்துவம் உயர்வாக இருந்ததால் அறிவுச்செல்வி குறித்துக்கொண்டார். விதி இடம் தரவில்லை. மற்ற ஏழு அண்டாக்களில் கிடந்த ஆடுகளும் அதே லாரியில் வந்தவை என்று தெரிந்ததும் மேடையில் வியர்த்தது.

கடைசியாக இதர வறுவல். சிறுமலை மிளகு, பொடிப்பொடியாய்த் தேங்காய்ச் சில்லு. சரிபார்ப்புக்காக மூன்று தட்டு உண்டேன். பதினொரு பல்லும் ஒருமனதாக ஆதரித்தன.

"பூர்வீகச் சான்று?"

சகாயராணி சந்தைச் சீட்டை நீட்டினார். "இதுலயே எல்லாம் இருக்கு மாமா. கையெழுத்தும் இருக்கு."

கடமை தவறாமல் மைக்கிலேயே வாசித்தேன்: "வண்டிக்காளை ஒன்று. வயது பதினாலு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பிறந்தது, வளர்ந்தது வடமதுரை. விற்றவர்... பெரியகருப்பன்."

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பிளெக்ஸைப் பார்த்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

"என் ராசுவா?" என்றார் தலைவர்.

"ஆமாண்ணே. போன திங்கக்கெழம சந்தையில நீங்கதான கயித்த மாத்திக் குடுத்தீக? எந் தம்பி பல்லப் பாத்து வெலையக் கொறச்சப்ப, 'பல்ல ஏன்டா பாக்குற, எடையப் பாருடா'ன்னு நீங்கதான சொன்னீக?"

விதிப்படி தேறிய சட்டி அது ஒன்றுதான். சகாயராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறத் தயாரானார். தலைவர், "செத்த நேரம் குடுங்க" என்று பந்தலுக்குப் பின்னால் போனார். திரும்பியபோது தோளில் கறுப்புத் துண்டு, கையில் விதிப் புத்தகம்.

"ஏழாவது விதி" என்று தழுதழுத்தார். "குழுவில இருக்கவுக குடும்பத்தார் யாரும் போட்டியில கலந்துக்கக் கூடாது. ராசு எம் புள்ள. ஊருக்கே தெரியும். எம் புள்ள கெடக்குற சட்டிக்கு நானே பரிசு குடுத்தா, நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாக?"

இப்பேர்ப்பட்ட நேர்மையை நான் கண்டதில்லை. சொந்த மகன் என்றும் பாராமல் தகுதிநீக்கம் செய்த தகப்பன்! அறிவுச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடை கிளெமென்டுக்கு வழங்கப்பட்டது. முப்பது கிலோமீட்டர் விதி சோகத்தை முன்னிட்டு ஒருநாள் தளர்த்தப்பட்டது. காரணத்தை நானே பதிவேட்டில் எழுதினேன்: 'மேற்படி ஆட்டுக்கு இம்மாவட்டத்தில் உறவினர் எவருமில்லை.'

சகாயராணி வாணலியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். பிறகு நேராக மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார்.

"சரிண்ணே. புள்ளைய வாங்கி வறுத்தவளுக்குக் கடை கெடையாது. புள்ளைய வித்த அப்பனுக்குத் தலைவர் பதவி. இது எத்தனையாவது விதின்னு அத மட்டும் வாசிச்சுக் காட்டுங்க, போயிர்றேன்."

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அறிவுச்செல்வி கைப்பேசியைப் பார்த்தார். நான் பல்லிடுக்கில் இருந்ததை மெல்ல விழுங்கினேன். மேடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

செயலாளர் என்ற முறையில் அதையும் பதிவு செய்தேன்: 'மறைந்த காளை ராசுவுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது.'