அரசாங்கத்துக்குத் தெரியாத பெயர்

இனிமேல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தகவலும் வெளியே போகக்கூடாது என்று 2009 யூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் நிறைவேற்றினேன். ஆதரவாக ஒரு வாக்கு, என்னுடையது. எதிர்ப்பு இல்லை. மனைவி கலாவதி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. யுத்தம் முடிந்து ஒரு மாதம். கலாவதியின் ஒரே தம்பி றமணனைப் பற்றி ஏப்ரலுக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. உயிரோடு இருந்தால் வவுனியாப் பக்கம் அகதி முகாமில், முட்கம்பிக்குள் ஏதோ ஒரு கூடாரத்தில் இருப்பான். காணாமல் போனவர்களின் பெயரையும் படத்தையும் பலர் இணையத்தில் போட்டுத் தேடினார்கள். கலாவதியும் போட வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அக்கா போடுவதைப் புலனாய்வுக்காரனும் பார்ப்பான். லண்டனில் மச்சான், பார்லிமெண்ட் வாசலில் கொடி பிடித்த அக்கா என்று தெரிந்தால் றமணனை விசாரணைக்குக் கூட்டிப்போவார்கள். அப்படிப் போன சிலர் திரும்பவில்லை என்று கேள்வி.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நான் அதற்கேற்றபடி வாழத் தொடங்கினேன். சுப்பர்மார்க்கெட் தந்த புள்ளி அட்டையை வெட்டிப் போட்டேன். கொம்பியூட்டரின் கமராவுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். வருகிற கடிதங்களை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை வீட்டுக் குப்பையிலும் மறுபாதியை வேலையிடத்துக் குப்பையிலும் போட்டேன். என்னை முழுதாகத் தெரிந்துகொள்ள எந்த அரசாங்கமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

"அப்ப என்ர தம்பியை எப்பிடித் தேடுறது?" என்றாள் கலாவதி.

"பொறும். செஞ்சிலுவைக்கு எழுதியிருக்கிறன்தானே."

"அதில பேர், வயசு எல்லாம் குடுத்தனீங்கள்."

"அது வேற."

"வெள்ளைக்காரன்ர தளம் ஒண்டிருக்காம். உலகம் முழுக்கப் பாக்குமாம்."

"அவன் தகவலை விப்பான்."

"அப்ப இல்ஃபோர்ட்டில எங்கட ஊர்ச்சங்கம் நடத்துற தளம்?"

"வெள்ளைக்காரன் எண்டாலும் காசுக்கு விப்பான். எங்கட ஆக்கள் சும்மா குடுப்பினம்."

அவள் வக்கீலிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எதெதைக் குடுக்கக்கூடாது? வடிவாச் சொல்லுங்கோ."

"பேர். பிறந்த திகதி. விலாசம். போன் நம்பர். படம்."

"எதைக் குடுக்கலாம்?"

"அரசாங்கத்திட்ட இல்லாததைக் குடும்," என்றேன். அப்படி ஒன்றும் மிஞ்சாது என்ற நம்பிக்கையில்.

"சரியப்பா."

இருபத்தேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் ஒரே தரத்தில் "சரியப்பா" சொன்னது அன்றைக்குத்தான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

யூலை நடுவில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. மேல்வீட்டு டொலறஸ் நின்றார், அவரும் இலங்கைத் தமிழர்தான். பதினொரு வருடமாக என்னை "மிஸ்டர் பத்மநாதன்" என்று மட்டும் கூப்பிடுகிற மரியாதைக்காரி. கையில் போன்.

"பணிஸ் அண்ணை எண்டு இஞ்ச ஆரும் இருக்கினமோ?"

பணிஸ் என்றால் எங்கள் ஊரில் பன்; பணிஸ் அண்ணை என்றால் நான். அந்தப் பெயர் என் பாஸ்போட்டில் இல்லை. அகதி விண்ணப்பத்தில் இல்லை. லண்டனிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. ஊரில் ஒரேயொரு ஒழுங்கைக்குள், ஒரு சின்னச் சந்துக்குள், வழங்கிய பெயர். அதைக் கடல் தாண்ட விடாமல் இருபத்துநான்கு வருடம் காத்துவந்தேன்.

"கலா! இதை எங்கை போட்டனீர்?"

அவள் கையைத் துடைத்தபடி வந்தாள். "ரெண்டு தளத்திலையும்."

"என்னெண்டு?"

"பணிஸ் அண்ணையின்ர மனிசி தன்ர தம்பியைத் தேடுறா எண்டு. அவ்வளவுதான். பேர் இல்லை, திகதி இல்லை, விலாசம் இல்லை. நீங்கள் சொன்னபடிதான்."

"போன் நம்பர்?"

"டொலறஸின்ர."

"என்னைக் கேட்டுத்தான் போட்டவா," என்றார் டொலறஸ். "ஆனா பணிஸ் நீங்கள் எண்டு எனக்குச் சொல்லேல்லை." என்னைத் தலையிலிருந்து வயிறுவரை பார்த்தார். வயிற்றில் பார்வை கொஞ்சம் தங்கியது. பெயர் பொருந்திவிட்டது போலும்.

போனில் பாரிஸிலிருந்து ஒருவர். பெயர் கோபாலகிருஷ்ணன், எங்கள் ஒழுங்கைக்காரர். எல்லோருக்கும் கேட்கும்படி டொலறஸ் சத்தத்தைக் கூட்டினார்.

"அண்ணை, முகாமுக்குள்ள இருந்து ஒரு ஆள் களவாக் கதைச்சவர். உங்கட விளம்பரத்தைப் பற்றி நான்தான் சொன்னனான். நீங்கள் உண்மையான ஆளோ, ஆமிக்காரன் வச்ச பொறியோ எண்டு அவருக்குத் தெரியோணுமாம். ஒரு கேள்வி தந்திருக்கிறார். மறுமொழியும் என்னட்டை இருக்கு. சரியாச் சொன்னால்தான் மிச்சம் சொல்லுவன்."

கலாவதி என் கையைப் பிடித்தாள்.

"கேளும் தம்பி."

"உங்களுக்கு ஏன் பணிஸ் எண்டு பேர் வந்தது?"

இதற்கு என்னிடம் தயாரான பதில் இருந்தது. ஊருக்கும் அதையே சொன்னேன், மனைவிக்கும் அதையே சொன்னேன். "படிக்கிற காலத்தில நான் பேக்கரியில வேலை செய்தனான்."

பாரிஸ் உடனே மறுத்தது.

"பிழை அண்ணை. ரெண்டு தரம்தான் கேக்கச் சொன்னவர். இனி ஒருக்காத்தான்."

கலாவதி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்ததும் அந்தப் பேக்கரிக் கதைதானே. "நீர் சும்மா இரும்," என்று மறித்தேன்.

இந்தப் போன்காரரை விட்டால், உண்மையான பதில் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று நான். மற்றவன் முட்கம்பிக்குள். டொலறஸ் கதவு நிலையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"எண்பத்தொண்டில," என்று தொடங்கினேன், "கலாவைக் கட்ட முதல், அவளின்ர தம்பிக்கு ஒன்பது வயசு. பின்னேரத்தில சந்திக் கடையில அவனுக்கு ஒரு பணிஸ் வாங்கிக் குடுப்பன். அவன் அக்காவைப் பற்றிச் சொல்லுவான். எத்தினை மணிக்குக் கோயிலுக்குப் போறா, என்ன நிறம் பிடிக்கும், என்னைப் பற்றி வீட்டில என்ன கதைக்கிறா. ஒரு பணிஸ், ஒரு தகவல். ஒரு வருஷம் நடந்தது. அதால அவன்தான் முதல்ல அப்பிடிக் கூப்பிட்டவன்."

டொலறஸ் போனை இன்னும் கிட்டப் பிடித்தார்.

"சரி அண்ணை," என்றது பாரிஸ். "றமணன் உயிரோட இருக்கிறார். கால்ல காயம், ஆறி வருது. பயத்தில வேற பேரில பதிஞ்சிருக்கிறார். அதுதான் ஒருத்தருக்கும் ஆள் அம்பிடேல்லை."

கலாவதி அப்படியே படியில் குந்தியிருந்து அழுதாள். மூன்று மாத அழுகை. டொலறஸ் சிலுவை போட்டுக்கொண்டு, அவளைக் கட்டிப்பிடித்து, தானும் அழுதார். நான் வாசலில் கிடந்த சப்பாத்துக்களை நேராக அடுக்கி வைத்தேன். அந்த நேரத்தில் வேறு ஒன்றும் செய்ய ஏலவில்லை.

டொலறஸ் மேலே போன பிறகு மனைவியின் பக்கத்தில் இருந்தேன். மனம் உறுத்தியது. இரண்டு அரசாங்கங்களைக் குறை சொன்னவன், ஒரு வருடம் ஒரு பெண்பிள்ளைக்குப் பின்னால் உளவாளி வைத்திருந்திருக்கிறேன்.

"கலா, இதை நான் முதலே உமக்குச் சொல்லியிருக்கோணும். கோவிக்காதையும்."

அவள் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"ஒவ்வொரு பணிஸிலையும் பாதி எனக்கல்லோ வந்தது," என்றாள். "உங்களுக்கு அண்டண்டைக்கு என்ன சொல்லோணும் எண்டு நான்தானே அவனுக்குச் சொல்லிவிடுறனான்."