மூன்று குறைகள் வேண்டும்

நான்கு மணிக்கு இயக்குநர் வருகிறார். அதற்குள் மூன்று குறைகள் வேண்டும். பர்வானேயின் கையில் அரைக் குறைகூட இல்லை.

ஈரானின் யஸ்த் நகரில் வாஷிங் மெஷின் விற்றுப் பழுதுபார்க்கும் நிறுவனமொன்றின் கிளையில் அவள் சேவைத்தர அதிகாரி. வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே அவள் பணி. மூன்று மாதங்களாக ஒருவர் விடாமல் ஐந்துக்கு ஐந்து. அதன் பயனாக, டெஹ்ரானிலிருந்து இயக்குநர் சொஹ்ராபியின் கடிதம் இன்று காலை வந்தது.

'இத்துணைப் புகழுக்கு அடியேன் எவ்வகையிலும் தகுதியுடையவன் அல்லேன். எம் சேவையில் குறைகள் இல்லாமல் இரா. இன்று நேரில் வருகிறேன். மூன்றையேனும் எடுத்துரைத்து எளியேனைத் திருத்தியருள வேண்டும்.'

"நான் மார்க்கைப் பொய்யாப் போட்டுட்டேன்னு நெனைக்கிறாரு, மஷ்தி! மூணு குறை காட்டலேன்னா என் வேலை போச்சு."

தேநீர் கொண்டுவந்த அலுவலகப் பணியாள் மஷ்தி ரஜப் கடிதத்தை எட்டிப் பார்த்தார். "அம்மா, இது வந்து..."

"பேச நேரமில்ல!" என்று அவள் தொலைபேசியை எடுத்தாள்.

முதல் வாடிக்கையாளர் பதறினார். "குறையா? உங்க மெக்கானிக் கால் பட்டதே எங்க வீட்டுக்குப் பாக்கியம்!"

"அவர் அஞ்சு நாள் கழிச்சுத்தானே வந்தாரு?"

"அஞ்சு நாளும் அவர் வருவார் வருவார்னு காத்திருந்தோமே, அந்தச் சுகம் இனி வருமா?"

அடுத்தவர் ஒரு தையற்காரர். அவருடைய சட்டையை மெஷின் கிழித்ததாகப் பதிவேடு சொல்லிற்று.

"பழைய சட்டைங்க. கிழிச்சுப் போடத்தான் நானும் சோம்பல்பட்டுக்கிட்டிருந்தேன். உங்க மெஷின் உதவி பண்ணுச்சு."

மூன்றாமவரான குல்னார் அம்மையாரிடம் பர்வானே உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டாள். "குறை கிடைக்கலேன்னா எனக்கு வேலை இல்லக்கா."

"இவ்வளவு தங்கமான பொண்ணுக்கா வேலை போகும்? இரு, நான் பார்த்துக்கறேன்!"

அரைமணி நேரத்தில் தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்தது. "என்னம்மா நடக்குது அங்க? குல்னாரோட சொந்தக்காரங்களாம், இருபத்திரண்டு பேர் வரிசையாக் கூப்பிட்டு உங்களைப் புகழ்றாங்க. அதுல நாலு பேர் வீட்டுல மெஷினே இல்ல!"

பர்வானே தலையில் கைவைத்துக்கொண்டாள். "இந்த ஊர்ல ஒருத்தராவது மனசுல இருக்கிறதைச் சொல்றாங்களா, மஷ்தி?"

"அதைத்தாம்மா காலையிலயே சொல்ல வந்தேன்..."

அவள் அதற்குள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் நான்கு முறை பழுதான மெஷின் ஒன்று, ஹாஜி கலீல் என்பவர் வீட்டில் இருந்தது. பாலைவனத்தில் நீரூற்றைக் கண்டவள்போல் ஓடினாள்.

நீரூற்று மெய்யாகவே அங்கே இருந்தது. கூடத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர். கம்பளங்கள் சுருட்டப்பட்டு மேசைமேல் ஏறியிருந்தன. ஹாஜியின் மனைவி சகீனே துண்டுகளால் அணை கட்டிக்கொண்டிருந்தாள்.

"வா மகளே, வா! இது உன் வீடு!" என்றார் ஹாஜி.

"மெஷின் ஒழுகுதே, ஹாஜி!"

"மெஷின் மேல தப்பே இல்லம்மா. எங்க வீட்டுத் தண்ணிக்குத்தான் அடக்கம் போதாது."

"அப்ப ஒரே ஒரு குறையாவது..."

"முதல்ல சாப்பாடு."

மூன்று முறை மறுத்தாள். நான்காம் முறை மறுக்க மரபு இடந்தராமையால், நனைந்த காலுறையோடு குங்குமப்பூச் சோற்றின் முன் அமர்ந்தாள். சாப்பிட்டு முடித்தபோது மணி மூன்றேகால். தட்டைப் பார்த்தபடியே அழுதுவிட்டாள்.

ஹாஜி துடித்துப்போனார். "என் வீட்டுல விருந்தாளி கண்ணீரா? என்ன வேணும், கேளு! இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"மூணு குறை வேணும், ஹாஜி."

"மூணா? வந்த விருந்தாளிக்கு மூணைக் குடுத்தா அனுப்புறது? ஊர் என்ன பேசும்? சகீனே, பேனாவை எடு!"

"மூணே போதும், ஹாஜி!"

"நீ கூச்சப்படுறே," என்று சொல்லி அவர் எழுதத் தொடங்கினார். சகீனே அருகிருந்து எடுத்துக்கொடுத்தாள். முப்பத்தொன்று எழுதிக் கையொப்பமிட்டு, "இன்னும் நெறைய எழுதணும், அவசரத்துல முடியல. மன்னிச்சுக்கோ" என்று இரு கைகளாலும் நீட்டினார். பதினேழாம் குறை, மெஷின் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் இயக்குநரின் முகம்.

வாசித்துப் பார்க்க நேரமின்றி, சரியாக நான்கு மணிக்கு அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். சொஹ்ராபி எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துத் தலைதாழ்த்தினார். அவர் முன் மேசையில் பட்டுத் துணியில் பொதிந்த கேடயம் ஒன்று இருந்தது.

"வாங்க, பர்வானே அம்மையாரே. எங்க குறைகளைச் சொல்லுங்க. அடியேனைக் கொஞ்சமும் விட்டுவைக்காதீங்க."

அவள் வெற்றிப் பெருமிதத்துடன் தாளை நீட்டினாள்.

அவர் புன்னகையோடு வாசிக்கத் தொடங்கினார். ஐந்தாம் குறையில் புன்னகை நின்றது. பத்தாம் குறையில் தண்ணீர் கேட்டார். பதினேழாம் குறையில் கை தானாகவே முகத்தைத் தடவிப் பார்த்தது. முப்பத்தொன்றும் முடிந்தபின் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"உங்க கை நோகாம இருக்கட்டும்," என்று நன்றி சொன்னார், ஒவ்வொரு சொல்லாக. கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். பட்டுத் துணி நழுவியபோது, 'குறையொன்றுமில்லாத கிளை' என்ற பொன்னெழுத்துகள் ஒரு கணம் மின்னி மறைந்தன.

"அவருதானே கேட்டாரு!" என்று கதறினாள் பர்வானே. "கடிதம் எழுதிக் கேட்டாரே, மஷ்தி!"

மஷ்தி ரஜப் ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டார்.

"ஊர்ல ஒருத்தர் வாயிலயும் நெசம் வரலேன்னு காலையிலேர்ந்து அழுதீங்களே அம்மா, டெஹ்ரான்காரர் மட்டும் நெசமாக் கேட்டாருன்னு எப்படி நம்புனீங்க?"