அழகா கட்டின வயரும் அந்தரத்துல நின்ன லிஃப்ட்டும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஐயப்பன்தாங்கல்ல ஒரு அபார்ட்மென்ட் லிஃப்ட்டோட டிரைவை ரிப்பேர் பண்ணி வச்சிருந்தோம். அதைத் திருப்பி மாட்டிட்டு வரணும்.

டிரைவ்னா லிஃப்ட் மோட்டருக்கு கரண்டை அளந்து குடுக்குற பெட்டி. உள்ள மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ஜோடி ஜோடியா ஸ்விட்ச் இருக்கும். நம்ம வீட்டு ஸ்விட்ச் மாதிரி விரலால தட்டுறது இல்ல. ஒரு சின்ன கார்டு சிக்னல் அனுப்பி, செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன், ஆஃப் பண்ணும். மேல உள்ளது ஆன்னா கீழ உள்ளது ஆஃப். ரெண்டும் ஒரே நேரத்துல ஆன் ஆச்சுன்னா பெட்டி காலி.

பழைய கார்டு கருகிடுச்சு. புதுசு கொஞ்சம் பெருசு, பழைய இடத்துல நேரா உக்காராது; அங்க போய்த்தான் பொருத்தணும்.

அம்பத்தூர்ல நான் வேலை பாக்குற பட்டறையோட ஓனர் கிளம்பும்போதே சொன்னாரு. "கார்த்தி, கார்டை ஸ்விட்ச் மேலயே உக்கார வை. சாஞ்சு நின்னாலும் பரவால்ல. சிக்னல் வயரை மட்டும் நீட்டாத."

நான் பதினோரு வருஷமா இந்த வேலை பாக்குறேன். அதனால கேக்கல.

மொட்டை மாடி மோட்டர் ரூம்ல பேனலைத் திறந்து டிரைவை மாட்டினேன். பின்னாடி அசோசியேஷன் செகரெட்டரி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. ஆவடி ஃபேக்டரில இன்ஸ்பெக்ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. இன்னும் ரிட்டயர் ஆகலன்னு அவரு பாக்குற பார்வையிலயே தெரிஞ்சுது.

"தம்பி, போன தடவை வந்தவரு காக்கா கூடு மாதிரி பண்ணிட்டுப் போயிட்டாரு. நீங்களாவது நீட்டா பண்ணுங்க."

எனக்கு ரோஷம் வந்துடுச்சு.

கார்டை ஓரமா நேரா நிக்க வச்சேன். சிக்னல் வயரை ஒன்றரை அடி நீட்டினேன். மோட்டருக்குப் போற தடி கேபிளோட சேத்து, ரெண்டு விரக்கடைக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு, ஒரே கட்டா கட்டினேன். அவ்ளோ அழகு! போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்லயும் போட்டேன்.

காலி லிஃப்ட்டை ரெண்டு தடவை மேலயும் கீழயும் ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி போச்சு.

"இப்பத்தான் இது பேனல்!" செகரெட்டரி என் முதுகுல தட்டினாரு. "நானே ஏறிப் பாக்குறேன்"னு கீழ இறங்கிப் போனாரு.

கீழ அஞ்சாவது மாடி ஜெயந்தி மேடம் நின்னுட்டு இருந்தாங்க. கையில பொண்ணு பர்த்டேக்கு வாங்கின ஃபேமிலி பேக் ஐஸ்கிரீம். அவங்களையும் ஏத்திக்கிட்டாரு. சும்மா போவானேன்னு நாலு தண்ணி கேனையும் ஏத்தினாரு.

லிஃப்ட் கிளம்புச்சு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நின்னுச்சு.

டிரைவ்ல சிவப்பு லைட். போன் அடிச்சுது.

"தம்பி, நின்னுடுச்சு."

"ஒரு நிமிஷம் சார், ரீசெட் பண்றேன்."

ரீசெட் பண்ணேன். டக்குன்னு ஒரு சத்தம். மறுபடியும் சிவப்பு.

"தம்பி, ஒரு அடி மேல வந்துச்சு."

"நல்ல முன்னேற்றம் சார்."

"மூணாவது மாடிக்கு இன்னும் எத்தன அடி?"

இன்னொரு தடவை ரீசெட் பண்ணேன். இந்த வாட்டி அந்த ஒரு அடியும் இல்ல.

அதுக்குள்ள வாட்ச்மேன் முனுசாமி படியேறி மூச்சு வாங்கிக்கினு வந்தாரு. "இன்னா அண்ணாத்தே! ஐயா உள்ள மாட்டிக்கினு கீறாரு. புச்சா போட்டேன்னு சொன்ன, பழ்சே தேவல போலகீதே!"

அவருக்கு பதில் சொல்றதுக்குள்ள மறுபடியும் போன். இந்த தடவை எங்க ஓனர்.

"டேய், ஸ்டேட்டஸ் பாத்தேன்."

"எப்டிண்ணே இருக்கு?"

"லிஃப்ட் நின்னுடுச்சா?"

"எப்டிண்ணே தெரியும்?"

"தவில் வாசிக்கிறவன் பக்கத்துல நின்னுக்கிட்டு ரகசியம் பேசினா கேக்குமாடா? மோட்டர் கேபிள் போடுற சத்தத்துல சிக்னல் குழம்புது. ஆஃப்னு சொன்னது ஆன்னு கேக்குது. காலியா போறப்ப தவில் மெதுவா வாசிப்பான். ஆள் ஏறினா உருட்டித் தள்ளுவான்! கார்டுல பாதுகாப்பு இருக்கறதால நின்னுச்சு, இல்லன்னா வெடிச்சிருக்கும். மொதல்ல ஆளை இறக்கு. அப்புறம் அந்த டையை எல்லாம் வெட்டு!"

மெயினை ஆஃப் பண்ணேன். முனுசாமி பிரேக்கை விடுவிக்கிற லீவரை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. நான் மோட்டர் சக்கரத்தைக் கையால சுத்தினேன். நாலு கேனையும் எனக்குத் தெரிஞ்ச எல்லா சாமியையும் நினைச்சுக்கிட்டே சுத்தினேன். இருபது நிமிஷம் கழிச்சு லிஃப்ட் மூணாவது மாடிக்கு நேரா வந்துச்சு.

கதவைத் திறந்தா, செகரெட்டரி மீசையில வெனிலா. கையில ஆதார் கார்டு. அதுலயும் வெனிலா.

"உருகி வீணாப் போறதுக்கு சாப்பிடலாமேன்னு சாருதான் சொன்னாரு," ஜெயந்தி மேடம் காலி டப்பாவைக் காட்டினாங்க.

"நீங்களும்தானேம்மா சாப்ட்டீங்க," செகரெட்டரி முணுமுணுத்தாரு.

ஓடிப் போய் அதே சைஸ்ல இன்னொண்ணு வாங்கிக் குடுத்துட்டு, மறுபடியும் மாடி ஏறினேன். டையை எல்லாம் வெட்டினேன். கார்டை ஸ்விட்ச் மேலயே சாய்ச்சு வச்சேன். சிக்னல் வயரை ஒரு சாண் ஆக்கி, ரெண்டு ரெண்டா சடை மாதிரி முறுக்கி, மோட்டர் கேபிளை விட்டு எட்டக் கொண்டு போனேன். பாக்க சகிக்கல.

இப்ப எட்டு கேன் ஏத்தி ஓட்டினேன். அஞ்சு தடவை. ஒரு தடவை கூட நிக்கல!

செகரெட்டரி மேல வந்து பேனலை எட்டிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "வேலை செய்யுதுல்ல? அப்ப கதவை மூடிப் பூட்டிடுங்க. யாரும் பாக்க வேணாம்."

பூட்டினேன். டூல்ஸ் பையைத் தோள்ல மாட்டினேன். லிஃப்ட் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அவரு ரொம்பப் பாசமா கூப்பிட்டாரு. "வாங்க தம்பி, நாம ரெண்டு பேரும் ஒண்ணா கீழ போவோம்."

"இல்ல சார், டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்காரு."