பெரணியில் பூத்த பூ

முருகன் துணை

அருள்புரம்,
ஆடி மாதம், 2006

மரியாதைக்குரிய மடத்துக்குளம் மச்சான் சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சாமியப்பன் கும்பிட்டு எழுதுவது.

நலம் என்று எழுதுவது முறை என்பதால் நலம். தங்கள் நலம், செல்லாத்தாள் அக்கா நலம், கன்று போட்ட மாட்டின் நலம், கிணற்றில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்ற விவரம் எல்லாம் அறிய ஆவல். ஞானாம்பாள் நலமா என்று நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் இருக்கிறவள் நலமாகத்தான் இருப்பாள். சண்டை போட்டுக்கொண்டு வந்த தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு, "என்ன மாப்பிள்ளை இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று ஒரு போன்கூடப் போடாத உங்கள் பெருந்தன்மையை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். வேறு ஒருவராக இருந்தால் இந்நேரம் வேனில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருப்பார். நீயே போன் போடுவதுதானே என்று கேட்பீர்கள். போட்டால் அவள்தான் எடுப்பாள். அதனால்தான் கடிதம்.

அவள் பக்கத்துக் கதையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். நமது பிரிண்டிங் பட்டறைக்கு வெளிநாட்டுக் குழந்தைகள் பனியன் ஆர்டர் ஒன்று வந்தது. ஐந்து டிசைன், ஒவ்வொன்றிலும் ஒரு வகைத் தாவரம். பாசி, அப்புறம் சுவரில் படர்கிற மாஸ், கிணற்றோரம் முளைக்கிற பெரணி, பைன் மரம், கடைசியாகப் பூக்கிற செடிக்குச் செம்பருத்தி. குழந்தைகள் பனியனைப் போட்டுக்கொண்டே தாவரப் பாடம் படிக்குமாம். எனக்கு முதலில் பட்டது, சுவரில் படர்வதும் பாசி, தண்ணீரில் படர்வதும் பாசி, ஒரே சரக்கை இரண்டாக எண்ணியிருக்கிறார்கள் என்பதுதான். ஆகவே இரண்டுக்கும் ஒரே அச்சு ஸ்கிரீனைப் போட்டு, ஒன்றில் மட்டும் அடியில் முள்ளங்கி கணக்காக ஒரு வேர் வைத்தேன். வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா. பைன் மரம் மொட்டையாக இருந்ததால் நாலு பழம் தொங்கவிட்டேன். பெரணிக்கு மாதிரி தேடியபோது ஞானாம்பாளே உங்கள் கிணற்றுச் சுவரிலிருந்து ஒரு செடியைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்துத்தான் வரைந்தோம். ஆனால் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். இந்த ஊரில் தொழில் செய்கிறவனுக்குத் துணியில் பழுப்புப் புள்ளி என்றால் ஆயில் கறை, பீஸ் ரிஜெக்ட். எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெறும் இலையாக இருக்கிறதே என்று நடுவில் சிவப்பாக ஒரு பூ வைத்தேன். அழகாகத்தான் இருந்தது மச்சான். இன்றைக்கும் சொல்வேன்.

சாம்பிளைப் பார்த்ததும் ஞானாம்பாள், "ஏனுங்க, பெரணி பூக்காதுங்க" என்றாள். "நம்ம பனியன்ல பூக்கட்டும் உடு" என்றேன். "நீங்க கறைன்னு தொடைச்சுப் போட்டீங்களே, அதுதானுங்க அதுக்கு வித்து. அதுலதான் அது பெருகும். அதை எடுத்துப்போட்டுப் பூவ வெச்சிருக்கீங்க" என்றாள். அத்தோடு விட்டாளா? மாஸுக்கு நெசமான வேரே கிடையாதாம். பைனுக்குப் பழம் கிடையாதாம், விதை மூடாமல் அம்மணமாகத்தான் இருக்குமாம். குழந்தைகள் போடுகிற பனியனில் அம்மண விதையைப் போட்டால் கேஸ் ஆகிவிடாதா என்று நியாயமாகத்தான் கேட்டேன். பட்டறைப் பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தில்தான், "படிச்சதையெல்லாம் சமையக்கட்டுல வெச்சுக்க, பட்டறைல பேசாத" என்று சொல்லிவிட்டேன். சத்தம் போட்டேன் என்று அவள் சொல்லியிருப்பாள். இல்லை மச்சான். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது.

அவள் அழவில்லை. கையைக் கழுவினாள். "எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேனுங்க. பெரணி பூத்தாச் சொல்லியனுப்புங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

உடுமலைக் கல்லூரியில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள் என்று நமது கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டிருந்தது. நான் தொழில்காரன், எழுத்து நன்றாக விழுந்திருக்கிறதே என்று பார்த்தேனே ஒழிய, அதற்கு மேல் யோசிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், ஆடிக்கு அண்ணன் அழைத்துப் போயிருக்கிறார் என்று சொன்னேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்தா என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். எங்கள் பக்கம் அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லவும்.

அதற்குப் பிறகு பட்டபாட்டைக் கேளுங்கள். பனியனை வாங்குகிற கம்பெனிக்குத் திருப்பூரில் ஒரு ஆபீஸ் இருக்கிறது. அங்கே இந்த ஆர்டருக்கென்று செடி பார்க்கிற மேடம் ஒருவரைப் புதிதாகப் போட்டிருக்கிறார்களாம். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஏசி அறைக்குள் பீஸ் போகும், பதில் வெளியே வரும். பெரணியில் பூ வராது, ரிஜெக்ட் என்று முதல் பதில் வந்தது. அடித்த பூவை அழிக்க முடியாது. ஆகவே அதன்மேலேயே இன்னொரு ஸ்கிரீன் போட்டுப் பட்டாம்பூச்சி ஆக்கினேன். செடி பூக்கக் கூடாது, பூச்சி உட்காரலாம் அல்லவா? பூவே இல்லாத செடியில் பட்டாம்பூச்சிக்கு என்ன வேலை என்று கேட்டு ரிஜெக்ட். இறக்கையை மூடிப் பொன்வண்டு ஆக்கினேன். வண்டு இருக்கட்டும், இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி எங்கே என்று கேட்டு மறுபடி ரிஜெக்ட். கறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கறை இல்லை என்று திருப்பி அனுப்பிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஐந்தில் செம்பருத்தி ஒன்றுதான் பாஸ். அந்த மேடத்தைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டுகிறவன் எவனோ, அவனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் ஞானாம்பாளுக்குப் புத்தி சொல்லி முதல் பஸ்ஸில் ஏற்றிவிடவும். அந்த மேடத்துக்குச் சரிக்குச் சரி பதில் சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும். சரக்குக்காக மட்டும் கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கும் இல்லை, மெஸ்ஸில் நன்றாகத்தான் போடுகிறார்கள். வீட்டுக்குள் போனால் நான் செய்கிறது தப்பு என்று சொல்ல ஆளே இல்லை. ஒருநாள் சுகமாக இருந்தது. இப்போது வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. நான் பேசியது தப்பு. இதை நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொன்னால் நன்றாக இருக்கும். பெரணிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அரும்பு தென்பட்டால் தொட்டியோடு வருகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கன்றுக்குட்டிக்கு என் அன்பு. முருகன் உங்கள் கிணற்றையும் என் பட்டறையையும் ஒருசேரக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையை எதிர்பார்த்திருக்கும்
சாமியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில், ஆபீஸுக்குப் போயிருந்த சூப்பர்வைசர் அருள்செல்வன் திரும்பி வந்தான். வந்தவன் உட்காராமல் நின்றான். "ஏனுங்க மொதலாளி, கதவு தொறந்திருந்துச்சு, செடி பாக்கற மேடத்தப் பாத்துட்டேனுங்க. நம்ம அக்காங்க" என்றான். பட்டறையில் அக்கா என்றால் ஞானாம்பாள்தான். அவளோடு கல்லூரியில் படித்த மதுமதிக்கு அந்த ஆபீஸில் வேலையாம். வீட்டைவிட்டுப் போன அன்றைக்கே இவள் மதுமதியைப் பிடித்து அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நல்லூரில் மதுமதி வீட்டில்தான் தங்கல், இங்கிருந்து ஒரு பஸ் தூரம். ஆக, உங்கள் பெருந்தன்மை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது போலிருக்கிறது. புத்தி சொல்லி பஸ் ஏற்றிவிடச் சொன்னதையும் அடித்துவிடவும். பாவம் என்று எழுதினேனே, அதை மட்டும் விட்டுவையுங்கள். "சரக்கு சரியா வந்தா நானும் வருவேன்னு சொல்லுப்பா" என்று அவனிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

எல்லா ஸ்கிரீனையும் கழுவி, அவள் சொன்னபடி புதிதாகப் போடச் சொல்லிவிட்டேன். புது சாம்பிளை நாளைக்கு அருள்செல்வனிடம் கொடுத்தனுப்பாமல் நானே அந்த அறைக்குக் கொண்டுபோகிறேன். தொட்டியையும் எடுத்துப் போகிறேன். பெரணி பூக்கவில்லை மச்சான். இலையைத் திருப்பிப் பார்த்தேன், பழுப்புப் புள்ளிதான் கூடியிருக்கிறது.