பட்டாளத்து மாரியம்மன்

வெள்ளைக்காரத் துரையிடம் பூட்ஸைக் கழற்றச் சொல்வது எப்படி? சபாபதி கிராணிக்கு அன்று காலையில் இருந்த கவலை அது ஒன்றுதான்.

மலாய் நாட்டுத் தெப்ராவ் ஆற்றங்கரையில் சுல்தானின் பட்டாளத்துக்குச் சின்ன முகாம் ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு சிப்பாய்கள், பிறைக்கொடி பறக்கும் ஒரு கொடிமரம், கேப்டன் உத்தரவின்படி யாரும் கிட்டே போகக்கூடாத, தார்ப்பாய் போர்த்திய பீரங்கி ஒன்று, ஆபீஸில் ஒரு டெலிபோன். அந்த டெலிபோனுக்கும் கணக்குக்கும் அதிபதி, அந்த ஊரில் கிராணி எனப்படும் குமாஸ்தா சபாபதி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் மலாய் பாஷை தன் நாக்கில் நாட்டியமாடுவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கேப்டன் ஹார்கிரீவ்ஸ் துரைக்கும் அதே வியாதி. குமாஸ்தாக்களிடம் இங்கிலீஷ் பேசுவது தன் மலாய்க்கு அவமானம் என்று நினைப்பவர். இப்போது டெலிபோனில், நாளைக்கு 'மாரியம்' பார்க்க வருவதாகவும், கஜானாவிலிருந்து தணிக்கை அதிகாரி கூட வருவதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

சபாபதி நேரே முகாம் வாசலில் இருந்த லியாக்கத் அலியின் கடைக்குப் போனார். பாயிடம் டீயும் கிடைக்கும், பழைய இரும்பும் கிடைக்கும், மலாய்க்கு அர்த்தமும் கிடைக்கும்.

"பாய், பூட்ஸைக் கழத்துங்கன்னு மரியாதையா மலாயில எப்படிச் சொல்றது?"

"யாருகிட்ட?"

"துரைகிட்டதான். நாளைக்கு மாரியம்மன் கோயிலுக்கு வர்றாரு. பட்ஜெட்ல காசு கொடுத்தவராச்சே."

பாயின் கை டீக் குவளையோடு அப்படியே நின்றது. அவர் கேட்கக் கேட்க, சபாபதி பெருமையோடு விவரித்தார். போன மாதம் துரை டெலிபோனில் கூப்பிட்டு, மாரியம் காசு மேலிடத்தில் பாஸாகிவிட்டது, வருஷம் முடிவதற்குள் சல்லி மிச்சமில்லாமல் செலவழி, மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் பார்க்க வந்துவிடுவார்கள் என்றார். பட்டாளத்துப் பணத்தில் அம்மனுக்கா என்று சபாபதி முதலில் திகைத்தது உண்மை. ஆனால் சிப்பாய் உயிருக்கு அம்மனைவிடப் பெரிய காவல் ஏது என்று தேறிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோயிலுக்குத் தகரக் கூரை, வர்ணம், விளக்கெண்ணெய், பூசாரிக்குக் கூலி என்று இறைத்துவிட்டார். மணிகூட வாங்கினார், அதைத் தருவித்துக் கொடுத்தவர் லியாக்கத் அலியேதான். மணி கொஞ்சம் நீளம். ஆறு பேர் தூக்கிக் கட்ட வேண்டியிருந்தது. இரும்புத் தடியால் அடித்தால் 'டாங்' என்காமல் 'டொம்' என்றது. அதன் மேல் பாதி தேய்ந்த பிறை ஒன்று இருந்ததால், அது அம்மன் தலையிலுள்ள பிறைதான் என்று பூசாரி செல்லப்பன் சமாதானமாகிவிட்டார்.

லியாக்கத் அலி குவளையைக் கீழே வைத்தார்.

"கிராணியாரே, மெரியம்னா மலாயில பீரங்கி."

சபாபதிக்கு ஆறும் கரையும் இடம் மாறின. இந்த வாரக் கப்பலில் அவர் மனைவியும் கைக்குழந்தையும் நாகப்பட்டினத்தில் ஏறியிருப்பார்கள். பட்டாளப் பணத்தைக் கோயிலுக்குத் திருப்பியவனைச் சிறையில் போடாமல் மாலை போடுவார்களா? இறங்குகிறவர்களை அழைத்துப்போகத் துறைமுகத்தில் யார் நிற்பார்கள்?

"எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டார் பாய்.

"ஒரு டின் மஞ்ச பெயிண்டு."

அதுவே போதும் என்றார் பாய். வெண்கலப் பீரங்கிக்கு மஞ்சள் பொருத்தமாகத்தான் இருக்கும். தானே பூசிவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். "நீங்க மட்டும் கிட்ட வராதீங்க. உள்ள பழைய மருந்து கெடந்தாலும் கெடக்கும்." துப்பாக்கிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் சபாபதிக்கு இதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெயிண்ட் வேலை முடிந்த பிறகுதான் ரசீதில் கூரை இருப்பது நினைவுக்கு வந்தது. பீரங்கிக்கு மேலே ஆகாயம்தான் இருந்தது. விடிகிற நேரத்தில் சபாபதி கோயிலின் தகரங்களைக் கழற்றிவந்து கொடுக்க, பாய் பீரங்கிக்குப் பந்தல் போட்டார். அதுவரை வராத மழை அப்போது பிடித்துக்கொண்டது. நனைந்த அம்மனுக்குத் தன் குடையைப் பிடித்தபடி செல்லப்பன் சொல்லியனுப்பினார்: மத்தியானத்துக்குள் தகரம் திரும்பாவிட்டால் மணியடித்து லயத்து ஜனத்தையெல்லாம் முகாமுக்குத் திரட்டி வருவாராம். மழைக்குப் பெயிண்டும் காயவில்லை.

மோட்டார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் தணிக்கை அதிகாரி, மலாய் மரியாதையில் 'என்சே' யூனுஸ். மெலிந்த மனிதர், அவர் பார்வை பட்ட இடமெல்லாம் கணக்கு உதைத்தது. அவர் பந்தலை நோக்கி நடக்க, கேப்டன் ஓட்டமாக முந்திப் போய்ப் பீரங்கியை மறைத்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் அதைத் தட்டிக்கொடுத்து, அருமையான சாமான் என்றார். பிறகு அதே கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தார். துரையின் நெற்றி முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டது. தன்னைக் காப்பாற்றத்தான் துரை இந்தப் பாடுபடுகிறார் என்று சபாபதிக்கு நெஞ்சு உருகியது. ஏன் காப்பாற்றுகிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.

மழை வலுத்தது. எல்லாரும் ஆபீஸுக்குள் வந்தார்கள். யூனுஸ் ரசீதுகளைப் பிரித்தார்.

"மெரியத்துக்கு எதுக்கு விளக்கெண்ணெய்?"

"துரு பிடிக்காம இருக்க, துவான்," என்று மலாயில் ஐயா போட்டார் சபாபதி.

"வெண்கலச் சாமான் ஒண்ணுன்னு இருக்கே, அது என்ன?"

"பழசு தேய்ஞ்சு போச்சு, துவான்."

"பூசாரி கூலி. பூசாரின்னா யாரு?"

சபாபதியின் நாக்கில் நாட்டியம் நின்றது. "பக்கத்துலயே இருந்து கவனிச்சுக்கிறவரு," என்றார் மெல்ல.

யூனுஸ் பேனாவை மூடினார். கூரையைப் பார்த்தாயிற்று, வர்ணத்தையும் பார்த்தாயிற்று. சத்தத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்றார். சுடச் சொல்லுங்கள், இங்கிருந்தே கேட்கிறேன் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கேப்டனின் முகத்தில் மஞ்சள் இல்லாத இடமெல்லாம் வெளுத்தது. மழையில் சுட்டால் கரை இடிந்துவிடும் என்றார். யூனுஸ் அசையவில்லை. கடைசியில் தானே போய் உத்தரவு கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வராந்தாவில் இறங்கிய துரை, அங்கே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். உள்ளே சபாபதி மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அப்போது கிழக்கே, லயத்துப் பக்கமிருந்து எழுந்தது அந்தச் சத்தம்.

டொம்.

ஆற்றின் மேல் கொக்குகள் கலைந்து பறந்தன. மேசையில் டீக் கோப்பை அதிர்ந்தது.

"அது என்ன?" என்றார் யூனுஸ்.

"மாரியம்," என்றார் வராந்தாவிலிருந்து துரை, குருட்டுத் தைரியத்தில்.

"மாரியம்மன்," என்றார் சபாபதி, பயத்தில் உண்மையை உளறி.

இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னதாகத்தான் யூனுஸின் காதில் விழுந்தது. அவர் தலையை ஆட்டினார். நல்ல கனமான சத்தம், பணம் வீண் போகவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வருகிற வருஷம் மெரியத்துக்கு இரண்டு பங்கு ஒதுக்கச் சிபாரிசு செய்வதாகவும் எழுதினார். மோட்டார் புறப்பட்டது. துரை நெற்றி மஞ்சளோடு அதில் சாய்ந்து கிடந்தார். முகாமை நோக்கித் திரண்ட லயத்து ஜனத்தைத் தகரத்தைக் காட்டித்தான் திருப்பி அனுப்ப முடிந்தது.

சாயங்காலம் மழை விட்டது. தகரங்களைத் திருப்பிப் பொருத்திவிட்டுச் சபாபதி அம்மன் முன்னால் உட்கார்ந்தார். கப்பல் வந்து சேரும்போது துறைமுகத்தில் நிற்கலாம், சரி. ஆனால் நெஞ்சு உறுத்தியது.

"ஊரை ஏமாத்திட்டேன் பாய். மெரியத்துக்குன்னு கொடுத்த காசு. ஒரு சல்லிகூட மெரியத்துக்குப் போகலையே."

லியாக்கத் அலி தலைக்கு மேலே தொங்கிய மணியின் பிறையைத் தோள் துண்டால் துடைத்தார்.

"போகாம என்ன கிராணியாரே, பந்தல்ல நின்னது தார் பூசின தென்னமரம், அசல் மெரியத்தைத் துரை போன வருஷமே பழைய சாமான்னு எனக்கு வித்துட்டாரு, அதோட வாய்ப்பக்கத்தை அறுத்துத்தானே உங்களுக்கு மணின்னு கொடுத்தேன்."