இருவாச்சிக் குடித்தனம்

இந்தச் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் சூடாகச் சாப்பிட்டே தீருவது என்று கோ செங் ஹுவாட் சபதம் எடுத்தார். சனிக்கிழமை வந்தால் போதும், மனைவி பெக் ஹூன் சமூக மன்றத்துக்கு ஆடப் போய்விடுவாள். மேசையில் இவருக்கு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் காத்திருக்கும்.

வெளியே அவர் சிங்கப்பூரே மெச்சும் கட்டடக் கலைஞர். அவர் வரைந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தைச் சும்மா சொல்லக்கூடாது. மாடிக்கு மாடி அத்திமரம். பறவைகள் வந்து மோதிவிடாதபடி கண்ணாடியெல்லாம் புள்ளி. சுவரிலேயே கூட்டுக்குப் பொந்து. போன மாதம் ஓர் இருவாச்சிப் பறவை ஜோடி அதில் குடிவந்தபோது மனிதர் நடுரோட்டில் நின்று அழுதுவிட்டார்; அதுகளின் குடித்தனத்தைப் பற்றி ஓர் அறிக்கையே எழுதினார். மனிதருக்குக் கட்டும்போது பறவைக்கும் ஓர் அறை ஒதுக்கத் தோன்றியதே, அந்த மனசுக்கே ஒரு கும்பிடு போடலாம்.

சனிக்கிழமை சாயங்காலம், மனைவி கிளம்புமுன், அந்த இருவாச்சியைத்தான் அவள் மேல் ஏவினார்.

"அந்தப் பெண் பறவையைப் பாத்தியா பெக் ஹூன்? பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கிச்சு. அலகு நீட்டற அளவுக்குத்தான் சந்து. மாசக்கணக்கா வெளிய வராது. சனிக்கிழமைகூட!"

"அப்ப சாப்பாடு?"

"ஆண் தேடிக் கொண்டுவந்து ஊட்டும்."

"அட, நல்ல குடும்பமா இருக்கே! நானும் அப்படியே இருந்துடறேன், ஆ ஹுவாட்."

செல்லப் பெயரில் கூப்பிட்டுச் சொன்னவள் நேரே அவருடைய வேலை அறைக்குள் போனாள். ஏர்கானைப் போட்டாள். கதவில் கையகலம் சந்து விட்டு, உள்ளே நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். இவ்வளவு சுலபமா என்று செங் ஹுவாட்டுக்கே நம்ப முடியவில்லை.

சந்து வழியே குரல் வந்தது. "பசிக்குது."

"வந்து ஏதாவது சமையேன்."

"பெண் பறவை சமைக்குமா?"

கீழே உணவங்காடிக்கு ஓடினார். வரிசையில் நின்று ஒரு பொட்டலம் கோழிச்சோறு வாங்கிவந்தார். கை மட்டும் நீண்டு வாங்கிக்கொண்டது.

"அடுத்தது நூடுல்ஸ். ரெண்டு."

"ரெண்டா?"

"அடைகாக்கறேன்ல?"

மறுபடி வரிசை. திரும்பி வந்து மூச்சு வாங்குவதற்குள், "இன்னும் ஆறு!"

"ஆறா!"

"குஞ்சு பொரிச்சிருச்சு."

இந்த முறை தனக்கும் சேர்த்து ஏழாக வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே பாட்டுச் சத்தம். தரை அதிர்ந்தது. சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். அவருடைய வரைபட மேசையைச் சுற்றி மன்றத்துத் தோழிகள் ஆறு பேர், பெக் ஹூன் தலைமையில், வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். இவர் கீழே வரிசையில் நின்றபோது மேலே வந்து சேர்ந்திருக்கிறார்கள்!

"அங்கிள், ரூம் ரொம்பக் குளுகுளுன்னு இருக்கு! இனிமே வாராவாரம் இங்கதான்!" என்றாள் ஒருத்தி.

கோபப்படத்தான் நினைத்தார். முடியவில்லை. தான் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்ததில் ஒரு ஜோடிதான் குடிவந்தது, இவள் ஒரே சாயங்காலத்தில் ஒரு கூட்டத்தையே குடியேற்றிக் காட்டிவிட்டாளே என்று மலைத்துப்போனார்.

கை நீண்டது. ஒவ்வொன்றாக ஏழு பொட்டலமும் உள்ளே போயின.

"ஏய், ஏழாவது எனக்கு!"

"உள்ள இருக்கறவங்களுக்குப் போக மிஞ்சினாத்தான் ஆணுக்குன்னு உன் அறிக்கையில நீயே எழுதியிருக்கியே, ஆ ஹுவாட்."

மிஞ்சவில்லை.